நரம்பு வழியே முதல் சாப்பாடு

எங்கள் மகள் இரண்டரை மாதம் முந்திப் பிறந்தாள். எடை ஒரு கிலோவைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஆபரேஷன் முடிந்து என் மனைவி கீழ்த்தளத்தில் படுத்திருந்தாள். குழந்தையைப் பார்க்க எனக்கு மட்டும் தினமும் மதியம் பத்து நிமிடம் அனுமதி. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறதென்று முதல் நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"குடல் இன்னும் முதிரல. பால் சொட்டுச் சொட்டாத்தான் குடுக்க முடியும். அதுவரைக்கும் சத்தை நேரா ரத்தத்துல ஏத்துறோம்" என்றார் டாக்டரம்மா. அவள் கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பம்புகள். ஒன்றில் சர்க்கரையும் புரதமும் கலந்த மஞ்சள் நீர், மற்றதில் பால் போல வெள்ளையாகக் கொழுப்பு. இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்து அவளது இடது கைக்குள் போயின.

நான்காம் நாள் போனபோது அந்தக் கையில் ஏதோ சரியில்லை. வலது கையின் தோல் சுருங்கிக் கிடந்தது. இடது கையில் பிளாஸ்திரிக்கு மேலே சுருக்கமே இல்லை, பளபளவென்றிருந்தது. பம்புகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"சிஸ்டர், இந்தக் கை வீங்குனாப்ல தெரியுது."

நர்ஸ் இன்னொரு குழந்தைக்கு மூச்சுக்குழாய் சரிசெய்துகொண்டிருந்தார். "இப்பத்தாண்ணே பாத்தேன். டைம் முடிஞ்சிருச்சு, கெளம்புங்க."

எனக்கு என்ன தெரியும்? வாசல்வரை நடந்தேன். திரும்பி வந்தேன்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். ஒரே ஒரு தடவ பாத்துருங்க, போயிர்றேன்."

வந்தவர் பிளாஸ்திரியை லேசாக உயர்த்தினார். அடுத்த நொடி பம்புகளை நிறுத்தினார். "டாக்டர், மருந்து நரம்புக்கு வெளிய கசியுது!" என்று குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்கண்ணே" என்றார்.

கதவைச் சாத்தினார்கள். அந்தத் திரவம் நின்றால் அவளுக்கு வேறு சாப்பாடு கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலைமுடி கனத்தில் இருக்கும் நரம்பை எங்கே தேடுவார்கள்? போன் அடித்தது. மனைவி.

"புள்ள எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. தூங்குது."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, இந்தா வாரேன்" என்று வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "கால் நரம்பு வழியா நீளக் குழாயா ஒரு லைன் போட்டாச்சு. சுகர் இறங்கல. நீங்க திரும்பி வந்தது நல்லதாப் போச்சுண்ணே. விட்டிருந்தா தோல் புண்ணாயிருக்கும்." சற்று நின்று, "நீங்க சொன்னப்பவே நான் வந்திருக்கணும்" என்றார். கும்பிடத்தான் எனக்குத் தோன்றியது.

கீழே போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"பெத்தவகிட்டயே பொய் சொல்றீங்களா? நாளைக்கு நான் போறேன்."

மறுநாள் சக்கர நாற்காலியில் போனாள். பீய்ச்சி எடுத்த பாலில் ஒரு மில்லியை மூக்குக் குழாயில் விட்டார்கள். அது செரித்தது. தினமும் பால் கொஞ்சம் கூடியது, பம்ப் வழியே போவது கொஞ்சம் குறைந்தது. பதிமூன்றாம் நாள் லைனை உருவினார்கள். ஏழு வாரம் கழித்து, ஆனையூர் வீட்டுக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் மகள் பசிக்கு வீறிட்டு அழுதாள். டிரைவர் சங்கடப்பட்டார். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே போனோம்.