அண்ணன் குரலுக்கு வாங்கிய சவுண்ட் பாக்ஸ்

மலேயாவுக்குப் போவதற்கு முன் என் அண்ணன் சென்னையில் ஒரே ஓர் இசைத்தட்டில் பாடியிருந்தான். இரண்டு பக்கமும் மாதா பாட்டு. பிறகு சண்டை வந்தது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆவூர் வீட்டில் நானும் ஆத்தாவும் மட்டும். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அண்ணன் வாங்கி வைத்திருந்த கிராமபோனுக்குச் சாவி கொடுத்து அந்தத் தட்டைப் போடுவோம். ஆத்தா முக்காட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து கேட்பாள்.

ஊசி மாட்டுகிற வட்ட டப்பியைச் சவுண்ட் பாக்ஸ் என்பார்கள். தட்டில் ஓடும் ஊசியின் நடுக்கத்தை அதற்குள் இருக்கும் மெல்லிய தகடுதான் குரலாக்கும். எங்களுடையது தகரத் தகடு வைத்த கனமான சாமான். அண்ணன் மூக்கடைப்போடு பாடுவது போலிருக்கும். அதைவிட மோசம், ஒவ்வொரு முறையும் அது தட்டைச் சுரண்டியது. பாட்டு முடிந்து துடைத்தால் துணியில் கரும்பொடி. இப்படியே போனால் குரல் தேய்ந்து போகும் என்று பயந்து, தட்டைச் சேலையில் சுற்றிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ஒவ்வொரு டப்பியாக மாட்டிக் காட்டினார். ஒன்றின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

“கல்யாண வீட்டுக்கு இதாங்கம்மா எடுப்பு” என்றார்.

“கல்யாண வீட்டுக்கு இல்லைங்க. ஒரே ஒரு குரலக் கேக்கணும்.”

அவர் உள்ளே போய் மைக்கா தகடு வைத்த ஒன்றை எடுத்து வந்தார். சத்தம் குறைவுதான். ஆனால் இரண்டாவது அடியைத் தொடங்குமுன் அண்ணன் மூச்சு இழுப்பது கேட்டது. வீட்டில் அவன் பாடும்போது எத்தனையோ முறை கேட்ட மூச்சு. கடை என்றும் பாராமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்து நானே அதைப் பொருத்தினேன். முன்னால் இருந்து பார்த்தால் ஊசி நேராக நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் சாய்ந்திருக்க வேண்டும். ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளை இறுக்கினால் குரல் கீச்சென்றது, தளர்த்தினால் கரகரத்தது. நடுவில் ஓரிடம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. தண்டு மைக்காவைத் தொடும் இடத்தில் மெழுகு விட்டுப் போயிருந்தது. கோயில் மெழுகுவர்த்தித் துண்டை உருக்கி ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு ஒரு பக்கமாக வழிந்து உறைந்தது.

புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குக் கிராமபோன் பெட்டியையும் தட்டையும் கேட்டாள்.

“தம்பி பாட்டு கேட்டா அவனே வந்து நிக்கிற மாதிரி இருக்கும்டி” என்றாள்.

தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி, திருகுகளில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். சண்டைக்காலத்தில் ஊசி கிடைப்பதே பாடு. சேர்த்து வைத்திருந்த புது ஊசிகளையும் கொடுத்தேன். பள்ளிக்கூட வேலையால் நான் போகவில்லை, விருந்துக்கு ஆத்தா மட்டும் போனாள்.

பெட்டி திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை தட்டைப் போட்டேன். இரைச்சலுக்குப் பின்னால் எங்கோ அண்ணன் பாடினான். மூச்சு கேட்கவில்லை. தட்டின் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது.

அக்கா வந்தபோது கேட்டேன். “நீ குடுத்த மாதிரியேதான் கொண்டாந்து வச்சேன்” என்றாள்.

ஆத்தாவும், “ஒனக்குத்தான் காது மந்தமாயிருக்கும். போட்டு ஒழப்பாத” என்றாள்.

நான் நம்பினேன். என் காதையே சந்தேகப்பட்டேன். டப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். வடிவம் அதேதான். முன்பக்க மூடியைத் திறந்தால் நான் பிடித்து வைத்த பதம் கெட்டுவிடுமோ என்று பயந்து திறக்கவில்லை.

சில மாதம் கழித்து, என்னோடு வேலை பார்த்த டீச்சரின் கல்யாணத்துக்குத் திருவரங்குளம் போனேன். பந்தலில் வாடகை கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தவள் எழுந்து அந்தப் பெட்டியருகே போய்விட்டேன். பாட்டு யாருடையதோ, ஆனால் அந்தத் தெளிவு எனக்குத் தெரியும்.

“இத எங்க வாங்குனீங்க?” என்று பெட்டிக்காரரிடம் கேட்டேன்.

“வாங்கலீங்க. புதுக்கோட்டையில ஒரு புதுநன்மை விருந்து. அந்த வீட்டம்மா இதக் குடுத்தாக. பதிலுக்கு ரெண்டு நாளும் காசு வாங்காம, பெரிய கொழா கட்டிப் பாட்டு வச்சேன். எம்மோட பழைய டப்பிய அவுக பெட்டியில மாட்டிக் குடுத்துட்டேன்.”

பார்க்கலாமா என்றேன். மனிதர் வெள்ளந்தியாகத் திறந்து காட்டினார். மெழுகு ஒரு பக்கமாக வழிந்திருந்தது.

மறுநாளே அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அவள் மறுக்கவில்லை.

“அவுக வீட்டு ஆளுக முன்னாடி எனக்கு ஒரு மதிப்பு வேணாமா? ஒரு டப்பிக்குப் போயி இம்புட்டுத் தூரம் வாரியே!”

“எங்கிட்ட ஏன்க்கா பொய் சொன்ன?”

“ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் குடுத்தேன். அதுதான் ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னுச்சு.”

அக்காவின் பொய் வலித்தது. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஆத்தாவின் முகம்தான் தெரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே, நான் அந்தப் பெட்டியோடு மல்லாடுவதைப் பார்த்துக்கொண்டு, காது மந்தம் என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, “கட்டிக்குடுத்த பொண்ணு தலைகுனிஞ்சு நிக்கலாமா? நீ வீட்டோட இருக்கவ, பொறுத்துக்குவேன்னு நெனச்சேன்” என்றாள். அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. தட்டே தேய்ந்துவிட்டதால் டப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை, தட்டையும் போடவில்லை.

சண்டை முடிந்த பிறகு அண்ணன் வந்து சேர்ந்தான், எலும்பும் தோலுமாக. அக்கா குடும்பத்தோடு ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாரும் அழுதோம். நானும்தான். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எது? சாப்பிடும்போது அக்காவே தட்டின் கதையை வேடிக்கை போலச் சொன்னாள். அண்ணன் சிரித்தான்.

“நாந்தான் வந்துட்டேனே. இன்னும் அந்த பிளேட்ட நெனச்சு மொகத்தத் தூக்கி வச்சிருக்கியா?” என்று என்னைக் கேட்டான்.

ஆத்தாவும் சிரித்தாள். அவன் வருவானா மாட்டானா என்று தெரியாத அந்த வருஷங்களில் அந்த மூச்சு எனக்கு என்னவாக இருந்தது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? சோறு போதுமா என்று அக்காவைக் கேட்டேன். குழம்பு ஊற்றினேன். பிறகு பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். அன்று பள்ளிக்கூடம் லீவு.