மூன்று நாள் சாம்பிள்

வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். விசா புதுப்பிக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நான்காம் நாளே விமானம் ஏற்றிவிட்டார்கள். கொடியில் காயப்போட்ட சட்டையை எடுக்கக்கூட விடவில்லை. திருச்சியில் இறங்கி, நீடாமங்கலம் வரை பஸ்ஸில் வந்தேன். வழி நெடுக நடவு முடிந்த வயல்கள். இறங்க வேண்டிய இடம் வராமலே இருந்தால் நல்லது என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே மனைவியிடம் சொன்னேன். அவளையும் பரிசோதித்தோம். அவளுக்கு இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எனக்கு அது எப்படி வந்தது என்று அவள் அப்போது கேட்கவில்லை.

சில மாதங்களில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். வாரங்கள் போயும் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிது புதிதாக ஓட்டை போட்டேன். கடைசியில் பெல்ட்டையே விட்டுவிட்டுக் கைலியோடு கிடந்தேன். தண்ணீர் குடித்தாலும் ஓட வேண்டும். பக்கத்து ஊர் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இந்த நோய்ல இதெல்லாம் வரத்தான் செய்யும். வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் செய்ததற்கு இது சரிதான் என்றும் எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஒருநாள் மனைவியைக் கூப்பிட்டு, "உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றேன்.

"அதெல்லாம் இப்ப வேண்டாம். மொதல்ல உங்க வயிறு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

மறுவாரம் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே மலத்தைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. நாங்கள் எழுந்து கிளம்பியபோது, ரிசல்ட் கொடுத்த லேப் டெக்னீஷியன் அம்மா எங்களை நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் சிவப்புச் சாயம்.

"எத்தன நாளா போவுது சார்?"

சொன்னேன்.

"அப்ப ஒருநாள் பாத்தா போதாது. சில பூச்சி இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. மூணு நாள் சாம்பிள் கொண்டாங்க. வேற சாயம் போட்டுப் பாக்கறேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

என்னை 'சார்' என்று கூப்பிட்டு அன்றைக்கு எத்தனை நாள் ஆகியிருந்தது!

முதல் நாள் இருவரும் போனோம். இரண்டாம் நாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "விட்டுடு. என் அசிங்கத்த நீ ஏன் தூக்கிக்கிட்டு அலையற?" என்றேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவை மூடி, மூன்று கவரில் சுற்றி, வயர்கூடையில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

மதியம் திரும்பியவள் வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாப்பேட்டையில் ஏறிய பெரியவர் ஒருவர், அவள் கூடையை மடியில் அணைத்து வைத்திருந்ததைப் பார்த்து, "முட்டையா தாயி?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்க, நாட்டுக்கோழி முட்டைன்னேன். தஞ்சாவூர் வர்ற வரைக்கும் யாரையும் என்மேல இடிக்க விடல, பாவம் அவரு."

நானும் சிரித்தேன். சிரித்ததில் வயிறு வலித்தது. நான் ஊருக்குத் திரும்பியபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மூன்றாம் நாளும் அவளேதான் போனாள். அன்றைக்கு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்: "பூச்சியாம்ங்க! வெறும் பூச்சி! மருந்து இருக்காம்!"

அடுத்த நாள் ஆட்டோ வைத்து என்னையும் கூட்டிப்போனாள். லேப் அம்மா மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். நீலநிறத் தரையில், சிவப்பாக, நீள்வட்டமாக ஒன்று கிடந்தது. கண்ணுக்கே தெரியாத இதுவா என்னை இப்படி உருக்கியது என்று இருந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "முட்டை மாதிரியே இருக்கு" என்றாள். அந்த அம்மாவுக்கு நாங்கள் ஏன் சிரித்தோம் என்று புரியவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கெட்ட தண்ணீர், கழுவாத காய் வழியாக யாருக்கும் வரக்கூடிய ஒட்டுண்ணி இது. உடம்பில் எதிர்ப்பு இருந்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். எனக்கு அந்த எதிர்ப்பு குறைந்துபோனதால் உள்ளேயே தங்கிவிட்டது. "யாருக்கும் வரக்கூடியது" என்று அவர் சொன்னதை நான் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன். எழுதிக் கொடுத்தது ரொம்பப் பழைய, சாதாரண மாத்திரை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் நின்றது. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, எங்கும் ஓடாமல், விடியும்வரை தூங்கினேன். பிறகு எச்.ஐ.வி.க்கான மாத்திரையும் தொடங்கினார்கள். இன்றுவரை விடாமல் சாப்பிடுகிறேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும், ஒரு மத்தியானம் மனைவி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வயிறு நின்னுடுச்சு. இப்ப சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும். அவள் அழுதாள். பல நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் மாத்திரை நேரத்துக்கு டம்ளரில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். பேச்சு மெதுவாகத்தான் திரும்பியது. அதை நான் அவசரப்படுத்தவில்லை.

உள்ளூரில் வேலை பார்த்து நிமிர்ந்தபின், லேப் அம்மாவுக்கு நன்றி சொல்லப் போனோம். நாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிவிட்டார் என்றார்கள். ஒரு சீப்பு பூவம்பழம் வாங்கிக்கொண்டு அங்கேயும் போனோம். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "மன்னிச்சுக்குங்க சார், ஞாபகம் வரல" என்றார். இருபது கிலோ ஏறியவனை அவருக்கு எப்படித் தெரியும்?

பின்னால் நின்ற என் மனைவியைப் பார்த்ததும்தான் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்களா! மூணு நாளும் நான் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பீங்களே! எவ்வளவோ பேருகிட்ட கேக்கறேன். ரெண்டாவது சாம்பிளுக்கே நெறைய பேரு வர்றதில்லம்மா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்கு அழைத்துப் போனார். நான் பழச்சீப்போடு பின்னால் நடந்தேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் உயிர் அந்த இரண்டு பேர் கையிலும் கொஞ்ச நாள் இருந்தது. இருவருமே அதைக் கீழே போட்டுவிடவில்லை.