ஈயம் சுற்றாத இறால்கள்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வெயில் தீவில், குவீன்ஸ்டவுன் பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்தேன். குளிர்நாட்டு ஆறுகளில் டிரவுட் மீன் பிடிப்பவர்களுக்காகத் தூண்டில் முள்ளில் பொய்ப் பூச்சி கட்டும் வேலை. எங்களில் யாரும் அந்த மீனைப் பார்த்ததில்லை.

எனக்கும் பக்கத்து நாற்காலி அக்காவுக்கும் நன்னீர் இறால் உருவம் கட்டும் வேலை. முள்ளை இடுக்கியில் பொருத்தி, முதலில், தண்ணீரில் மூழ்குவதற்காக, ஈயக் கம்பியை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அதன்மேல் முயல் ரோமம், முதுகில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதை இறுக்கச் செம்புக் கம்பி. அடிப்பக்க ரோமத்தை ஊசியால் கிளறிவிட்டால் கால்கள் வந்துவிடும். உள்ளே ஈயம் இருக்கிறதா என்று வெளியே தெரியாது.

என் கை வேகத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஈயத்தை விட்டுவிட்டுக் கட்ட ஆரம்பித்தேன்.

ஒருநாள் மேற்பார்வையாளர் எங்கள் பெட்டியிலிருந்து பத்து இறால்களை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டார். நான்கு மூழ்கின. மற்றவை மிதந்தன.

"இது யார் கட்டுனது?" என்று கேட்டார்.

இருவர் கட்டியதும் ஒரே பெட்டியில்தான் விழும். அக்கா அப்போதுதான் மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்திருந்தார். மேற்பார்வையாளர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். நான் இடுக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு சரியில்லன்னா சொல்லியிருக்கலாம்லா. நாளையிலேருந்து பேக்கிங்குக்குப் போயிடுங்க," என்றார்.

அக்கா கத்தரிக்கோலை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மறுநாள் ஜன்னலோரம் இருந்த அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போனேன்.

"அக்கா, அது நான் கட்டுனது."

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன். உன் ஈயக் கம்பிச் சுருள் குறையவே இல்லை."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அன்றே மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னேன். "பேக்கிங் இப்ப நல்லா ஓடுது. அவங்க அங்கேயே இருக்கட்டும். நீ ஒழுங்கா கட்டு," என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. என் ஜன்னலோர இடத்தை விட்டுத்தருகிறேன் என்றும் சொல்லவில்லை.

பட்டறை மூடும்வரை அக்கா அட்டைப்பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை. சாப்பாட்டை மட்டும் வேறு மேசையில் வைத்துச் சாப்பிட்டார்.

சில வருடங்கள் கழித்து ஆங் மோ கியோ பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மகள் வேலைக்குப் போவதாகச் சொன்னார், என் பிள்ளைகளை விசாரித்தார். என் பஸ் வந்தது. அது என்னுடையது இல்லை என்பதுபோல் இன்னும் கொஞ்சம் அவரோடு நின்றிருக்கலாம். நான் ஏறிவிட்டேன்.