ஊட்டுக்குப் போனவள்

கரண்ட் போனதும் தறிப்பட்டறையில் முதலில் கேட்பது நம்முடைய குரல்தான். அதுவரை தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்த வாய், தறி நின்றது தெரியாமல் ஒரு வார்த்தையைக் கூடுதலாகக் கத்திவிடும். அந்த நேரத்தில் யாராவது முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தால் கடைசி வார்த்தை தெருவரைக்கும் போகும். பட்டறையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், எங்களோடு தறி ஓட்டிய அக்கா காதில் அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த போனை எடுத்து, அதன் மேலிருக்கும் பஞ்சுத் தூசியை ஊதிக்கொண்டே வெளியே போயிருப்பார்.

குமாரபாளையத்தில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் சந்தில் இறங்கினால் காவிரிப் படித்துறை. அங்கே உட்கார்ந்து போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு அக்கா பேசுவார். நான் சேர்ந்த புதிதில், யாரோ காது கேட்காத சொந்தக்காரரிடம் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, இடைவெளி விட்டு, டிவியில் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார். பக்கத்தில் துணி துவைத்த பெண் சொன்னாள்: “அது கதை எழுதுதுங்க. வாயில சொன்னா போனே எழுதிக்குமாமா.”

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாவது பாதியில் படிப்பு நின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஒடிசா வரை போய் போர்வெல் போட்டேன். லாரியில் கிளீனராக ஓடினேன். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தேன். எந்த இடத்திலும் ஆறு மாதம் ஆனால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். குமாரபாளையத்தில் தார் சுற்ற ஆள் கேட்டார்கள், நின்றேன். தார் என்பது தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குழல். மூளையை எங்கே வேண்டுமானாலும் அனுப்பிவிட்டுச் செய்யக்கூடிய வேலை அது. அதனால் எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவும் அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் படிக்கத் தெரியும். கடையில் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தை எல்லாம் பிரித்துப் படித்து வளர்ந்தவர். போனில் எழுத்துக்களைத் தொட்டு எழுத அவர் விரலுக்குப் பொறுமை இல்லை. மைக் படத்தை அமுக்கினால் பேசுவதை எழுதித் தரும் என்று அவர் மகள் சொல்லிக்கொடுத்தபோது ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது என்றார். கதை போடும் ஆப் ஒன்றில் வேறு ஒரு பெயரில் எழுதத் தொடங்கினார். போனுக்கு நம்முடைய பேச்சு புரியாது. ‘வாரேன்’ என்றால் எதையோ எழுதும். அதனால் அதற்குப் புரிகிற தமிழை அவர் கற்றுக்கொண்டார். வருகிறேன், செல்கிறாள், அவனது கண்கள். அந்தத் தமிழ் எந்த வீட்டில் பேசப்படுமோ அந்த வீட்டைப் பற்றித்தான் எழுத முடிந்தது. மாடிப் படிக்கட்டு வளைந்து இறங்கும் பங்களா, கோபக்காரப் புருஷன், சஹானா என்ற பெயருடைய பெண். எங்கள் பட்டறையில் சஹானா என்று யாரும் இல்லை. வாசகர்கள் வந்தார்கள். பட்டறையில் ஒருவருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. “பங்களாக்காரம்மா வந்தாச்சு, தறி எடுங்க” என்று மேஸ்திரி கேலி செய்வார். அக்காவும், “பங்களாவுக்கு வாசல் கூட்ட ஆளு வேணுமுங்க, வாரீங்களா?” என்பார்.

நானாக ஒருநாள் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர். எனக்கு ஒட்டவில்லை. ஆனால் நடுவில் ஒரு இடம் இருந்தது. புருஷன் கை ஓங்குகிறான். சஹானா அடியை வாங்கிக்கொண்டு, அடுப்பில் இருந்த பாலை முதலில் இறக்கி வைக்கிறாள். அதற்குப் பிறகுதான் அழுகிறாள். இதை எழுதியவருக்குக் கதை சொல்லத் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதற்கு அடுத்த வரிதான் எல்லாவற்றையும் மாற்றிய வரி. ‘அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போனாள்.’

கைக்குழந்தையோடு, மாற்றுப் புடவைகூட இல்லாமல், அவள் எதற்கு ஊட்டிக்குப் போக வேண்டும்? அதை நான் படித்துறையில் கேட்டபோது அக்கா சிரிக்கவில்லை.

“ஊட்டுக்குன்னு சொன்னேன் சாமி. அம்மா ஊட்டுக்கு. அந்த எடத்துல எனக்கு அழுவாச்சி வந்துருச்சு, பொஸ்தகத் தமிழ் வாயில வரல. நம்ம பேச்சே வந்துருச்சு. இந்தப் போனு அவள ஊட்டிக்குத் தாட்டி உட்ருச்சு.”

படித்துப் பார்த்துத் திருத்துவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அப்படியே போட்டுவிட்டார். சாயங்காலம் பார்த்தால், அதுவரை வராத அளவுக்குக் கமெண்ட் வந்து கிடந்ததாம். சூப்பர் ட்விஸ்ட் சிஸ். தனியா ஊட்டிக்குப் போற தைரியம் யாருக்கு வரும். அங்கே யாரைப் பார்ப்பாள், சீக்கிரம் சொல்லுங்க. அது ஊட்டி இல்லை, வீடு என்று அக்கா ஒரு குறிப்புப் போட்டார். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. ‘பிழையில்லாமல் எழுதப் பழகுங்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்ற எல்லோரும், ஊட்டியே நன்றாக இருக்கிறது, அங்கேயே விடுங்கள் என்றார்கள்.

அக்கா ஊட்டியைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்ததும் என்னை விடவில்லை.

“ஏரி எப்புடி இருக்கும்?”

“ஏரி பாக்கலீங்க்கா. கேரட் லோடுக்குப் போனேன். கேரட் கழுவற எடந்தான் தெரியும்.”

“ஊட்டிக்குப் போயிப்போட்டு ஏரியப் பாக்காம வந்தவன் இந்த ஒலகத்துல நீ ஒருத்தன்தான். செரி, கேரட்டச் சொல்லு.”

சொன்னேன். மலைத்தண்ணீரில் கேரட் கழுவினால் விரல் மரத்து, பிறகு வலிக்கும். லாரி என்ஜினுக்கு அடியில் குப்புறப் படுத்தால் முதுகு மட்டும் சூடாக இருக்கும். குளிரில் ஆட்கள் பேசும்போது வாயிலிருந்து வார்த்தைக்கு முன்னால் புகை வரும். அக்கா ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை, கேட்டார், அவ்வளவுதான். அடுத்த பகுதியில் சஹானா கேரட் கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ‘குளிரில் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் ஊரில் கைக்கு எப்போதும் வேலை இருந்தது’ என்று ஒரு வரி வந்தது. வாழ்நாளில் குளிரைப் பார்க்காதவர் எழுதியது. நான் அந்த வரியைத் தார் சுற்றிக்கொண்டே பல நாட்கள் நினைத்திருக்கிறேன். முதல் பக்கங்களில் ஆளுக்கு ஆள் அழுத கதையில் இப்போது அழுகை குறைந்து, ஆட்கள் உருவானார்கள். அவர் வளர்ந்துகொண்டிருந்தார். அதைச் சொல்ல அவரைச் சுற்றி யாரும் இல்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது அதைச் சொல்லும் பாஷை கிடையாது.

வாசகர்களுக்குக் கேரட் பிடிக்கவில்லை. ஏரியைக் காட்டுங்கள், டீ எஸ்டேட் முதலாளி ஒருவர் வரட்டும் என்றார்கள். முதலாளி வந்தார். நீலக் கண் என்று போட வேண்டாம் என்று அக்கா எவ்வளவோ அடக்கிக்கொண்டார்; அதுவும் வந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மாறவில்லை. “ரெண்டு பகுதி போகட்டும் சாமி, அவளக் கீழ எறக்கி ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்திப்போடுவேன். அத எழுதத்தான் இத ஆரம்பிச்சதே.”

எதை என்று நான் கேட்டதற்கு அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் ரிக் வண்டி டிரில்லர். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பார். அந்த ஒரு மாதத்தில் ஒருநாள், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அடியை வாங்கிக்கொண்டு, பாலை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியவர் அக்காதான். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா வீடு. நல்ல வெயில் நேரம். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினார். கூப்பிட்டார். உள்ளே அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிவிச் சத்தத்தக் கூட்டி வெச்சாங்க சாமி. கதவத் தொறக்க மாட்டேன்னு வாயில சொல்லல. சத்தத்தக் கூட்டுனாங்க.”

குழந்தைக்குத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். அதன்பிறகு அங்கே போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. நல்லது கெட்டதுக்கு ஆள் விட்டுச் சொல்வார்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை, வாயில் வராது, ஆனால் கதையில் வரும் என்றார். சஹானா அந்தக் கதவின் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது தனக்குத் தெரியாது, எழுதினால்தான் தெரியும் என்றும் சொன்னார். தனக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக ஒருவர் எழுதக்கூடும் என்பதை அன்றுதான் நான் கேள்விப்பட்டேன்.

எனக்கு அங்கே கால் அரிக்கத் தொடங்கியது, கிளம்பிவிட்டேன். சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு பழமண்டி, பிறகு மறுபடி ரிக், பிறகு மறுபடி லாரி. எங்கே போனாலும் அக்காவின் கதையைப் போனில் பார்ப்பேன். சஹானா மேட்டுப்பாளையம் வரை ஒருமுறை இறங்கி வந்தாள். வாசகர்கள் பொறுக்கவில்லை. அடித்த புருஷன் இருக்கிற ஊருக்கே எதற்கு அனுப்புகிறீர்கள், நாங்கள் நிம்மதிக்காகப் படிக்கிறோம் என்றார்கள். எஸ்டேட் முதலாளி காரில் வந்து அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். இன்னொரு முறை ஈரோடு பஸ் ஏறியவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு பகுதிகள் குறைந்தன. பிறகு நின்றுவிட்டன. ‘அடுத்த பகுதி எப்போது சிஸ்’ என்ற கேள்விகள் கொஞ்ச நாள் வந்தன. அவையும் நின்றன.

இந்த ஆடியில் பவானியில் ஒரு லோடு இறக்கியபோது பாலத்தைத் தாண்டிப் போய் அக்காவைப் பார்த்தேன். காது போயிருந்தது. ஈரோட்டில் காட்டினார்களாம். தறியை விட்டுவிடச் சொல்லி டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். தறியை விட்டால் வேறென்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. இப்போது பட்டறையிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து துண்டு மடித்துக் கட்டுகிறார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். தறிக்காரர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சுப் புரியும், அதனால் பேசுவதில் தடை இல்லை. ஆனால் அவர் குரல் மாறியிருந்தது. தன் குரல் தனக்குக் கேட்காமல் வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. போனுக்கு இப்போது புத்தகத் தமிழும் புரிவதில்லை. சஹானா என்றால் சகாயம் என்று எழுதுகிறது.

“நான் தட்டித் தாரேங்க்கா, நீங்க சொல்லுங்க” என்றேன். எனக்கும் எழுத்துப் பிழை வரும், ஆனால் ஊட்டையும் ஊட்டியையும் குழப்ப மாட்டேன்.

கொஞ்ச நேரம் துண்டு மடித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். இந்த முறை புத்தகத் தமிழ் இல்லை. சஹானா பஸ் ஏறினாள், முதலாளி வரவில்லை, காய்ச்சலும் வரவில்லை. மேட்டுப்பாளையம், ஈரோடு, திருச்செங்கோடு. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, சில்லறை இல்லை என்று எரிந்து விழுந்தான். இறங்கி நடக்கையில் செருப்பு வார் அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். வேலியோரம் அவளுக்குத் தெரிந்த எருமை ஒன்று அவளைத் தெரியாததுபோல நின்றது. நான் இதுவரை படித்த எதையும்விட அது நன்றாக இருந்தது. விரல் வலிக்கத் தட்டினேன். சஹானா கதவின் முன்னால் வந்து நின்றாள். தட்டினாள்.

அக்கா நிறுத்திவிட்டார். மடியில் இருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டேன்.

“தொறக்கறாங்களாங்க்கா?”

“அதத்தான் பாக்கறேன்.” கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே, “தொறக்கல” என்றார். “எத்தன வருசங் கழிச்சுத் தட்டுனாலும் அந்த டிவிச் சத்தந்தான் சாமி வருது. வேற ஒன்னும் வரமாட்டேங்குது.”

“அப்படியே எழுதிக்கலாமுங்க்கா. தொறக்கலேன்னே எழுதலாம்.”

“அதுக்கு எதுக்கு அவள அத்தன தூரம் இழுத்துக்கிட்டு வரோணும்? அங்கயாச்சும் குளுருக்கு ஒரு போர்வ குடுத்தாங்க. அழிச்சுப்போடு.”

நான் அழிக்கவில்லை. அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எங்கே அமுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. சரி என்ற இடத்தில் விரலை வைத்து, எழுத்து போகும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.