படிவத்தைத் திரும்பக் கேட்டவர்கள்

சமூகவியல் முதுகலையின் கடைசி வருடம் எல்லோரும் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். தொழில்முறை விளையாட்டு வீரர்களை மக்கள் ஏன் முன்மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை நான் எடுத்தேன். ஊடகம், இளைஞர், சமூக உயர்வு என்றெல்லாம் விண்ணப்பத்தில் காரணம் எழுதியிருந்தேன். உண்மையில் காரணம் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தின் வாசலில் நின்ற ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. எங்கள் காலனிப் பையன் ஒருவன் பெரிய கால்பந்து கிளப்பில் சேர்ந்திருந்தான். ஊரின் பெருமை என்ற பொருளில் 'நாட்டின் அபிமானம்' என்று மலையாளத்தில் எழுதி, இரண்டு ஆள் உயரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். காலையில் எர்ணாகுளம் பஸ்ஸுக்கு ஓடும்போதும் மாலையில் திரும்பும்போதும் அவன் முழங்காலைத் தாண்டித்தான் நான் போய் வந்தேன்.

அவனும் நானும் பத்தாவது வரை ஒரே வகுப்பு. அவன் அப்பாவும் என் அம்மாவும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். அவனைப் பற்றிக் கேட்டால் காலனியே பேசும், ஆய்வு சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் நாளே அது நடக்காது என்று தெரிந்தது. 'முன்மாதிரி' என்று கேட்டால் யாருக்கும் விளங்கவில்லை. மலையாளத்தில் 'மாத்ருகா' என்று கேட்டால், "அது ஸ்கூல்ல டீச்சர் சொல்றதில்லே?" என்றார்கள். கடைசியில், "உங்க பிள்ளைகிட்ட யாரைப் பாத்துப் படின்னு சொல்வீங்க?" என்று மாற்றிக் கேட்டேன். அப்போதுதான் வாய் திறந்தார்கள். ஆனால் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. 'மிகவும் ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'சிறிதும் ஒத்துக்கொள்ளவில்லை' வரை ஐந்து கட்டம் போட்டுக் கேட்கச் சொன்னார். மீன் விற்கும் சேச்சி ஒருத்தி எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுத் தந்தாள். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுல போட்டா மத்ததுக்கு வருத்தம் வராதா மோளே?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படிவம் செல்லாது. இன்னொன்றுக்கு இன்னொரு வீட்டுப் படி ஏற வேண்டும்.

ஏன் பிடிக்கும் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்தான் எழுதினார்கள். நல்லா விளையாடுறான். சரி, நன்றாகச் சமைக்கிறவரை யாரும் இப்படிச் சொல்வதில்லையே, கப்பலுக்கு மூட்டை ஏற்றுகிறவரை நாம் சொல்வதில்லையே என்று கிளறினால், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீ அவனுக்கு எதிரா எழுதுறியா?" என்று கேட்டார்கள்.

இப்படி இரண்டு மாதம் அலைந்து ஒரு கட்டுப் படிவம் சேர்த்தேன். பாதிக்கு மேல் அவன் பெயர்தான். எண்ணி அட்டவணை போட்டு முடித்த வாரத்தில் அந்த வீடியோ வந்தது.

ஒரு ஆட்டத்தில் தோற்றுவிட்டு எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டல் வாசலில் அவன் நிற்கிறான். ஒருவர் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்கிறார். அவன் தட்டிவிடுகிறான். போனோடு அவரும் சரிந்து விழுகிறார். அவ்வளவுதான் வீடியோ. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் காலனியில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. கிளப் அவனை நிறுத்தி வைத்தது. மூன்றாம் நாள் காலை நான் பஸ்ஸுக்குப் போகும்போது போர்டு இல்லை. இரண்டு மூங்கில் மட்டும் நின்றது.

அன்று மாலை தையல் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சாதாரணமாக எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர்.

"மோளே, நான் எழுதித் தந்த அந்தப் பேப்பரை இங்க எடு."

"எதுக்கு சேட்டா?"

"அதுல அவன் பேரு எழுதிட்டேன். வெட்டணும்."

"பேரு ஊரு எதுவும் வெளிய வராது. யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்லே," என்றார்.

அவரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். ஒரு அம்மா, "நாளைக்கு என் மகன் யாரையாவது அடிச்சிட்டு வந்து, நீதானே அவனைப் பாத்துப் படின்னு எழுதினியேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கண் கலங்கினாள். என் அப்பாவோடு மசாலாச் சந்தையில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் கையோடு பேனா கொண்டுவந்து, அவன் பெயரை அடித்துவிட்டு ஒரு கிரிக்கெட்காரர் பெயரை எழுதினார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, "அந்தாளும் ஏதோ கேஸ்ல இருக்கானாம்ல" என்று அதையும் அடித்தார்.

நான் கத்தியிருப்பேன். ஆனால் படிவத்தின் கடைசி வரியில் நானே அச்சடித்திருந்தேன், விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று. யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்துப் போட்ட வரி.

பேராசிரியரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "விலகினவங்களை எடுத்துடு. குறையுறதுக்குப் புதுசா ஆள் பிடி," என்றார்.

"மிஸ், இவங்க திரும்பக் கேக்குறாங்களே, அதுதானே முக்கியம்? ஏன் அவனை முன்மாதிரியா வச்சாங்கன்னு கேட்டப்ப சொல்லத் தெரியாதவங்க, ஏன் வேண்டாம்னு இப்ப வரிசையா சொல்றாங்க."

"உன்னோட கேள்வி அது இல்லையே," என்றார். தலைப்பு அனுமதி வாங்கியாகிவிட்டது, மாற்ற வேண்டுமென்றால் மறுபடி கமிட்டிக்குப் போக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அவர் மேஜையில் என்னைப் போல எட்டுப் பேருடைய கட்டுகள் இருந்தன. ஆனாலும் அன்று பஸ்ஸில் தோப்பும்படி ஸ்டாப் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வந்தேன்.

மறுபடியும் வீடு வீடாக ஏறினேன். இந்த முறை யாரும் யார் பெயரையும் எழுதத் தயாராக இல்லை. "யாரு பேரும் வேண்டாம் மோளே, அப்துல்லா காலத்துல இருந்து எல்லாரும் இப்படித்தான்" என்று யாரென்றே எனக்குத் தெரியாத ஏதோ பழைய ஆட்டக்காரரைச் சொல்லி ஒருவர் கதவைச் சாத்தினார். அவன் பெயரை எழுதியவர்களில், அம்மாவோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மட்டும் விலகவில்லை. அவர் வீட்டுக்குப் போனபோது மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும் தந்து உட்கார வைத்தார். அவன் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றார்.

"ஏன்க்கா?"

"நான் அவன் ஆட்டத்தை எங்க பாத்தேன்? எனக்குப் பந்து எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியாது. டிவில பேசுறவன் 'மட்டாஞ்சேரிக்காரன்'னு சொல்லுவான் பாத்தியா, அதைக் கேக்கத்தான் உக்காருவேன். நம்ம இடத்தோட பேரு வெள்ளம் ஏறினா வரும், குப்பை நாறினா வரும். இவனாலதான் ஒரு நல்ல காரியத்துல வந்துச்சு."

"இப்ப வீடியோவுலயும் வந்துச்சே அக்கா?"

"வந்துச்சு," என்றார். "அதான் எல்லாரும் ஓடுறாங்க. அவனை விட்டு ஓடல. அவனோட சேர்ந்து நம்மளையும் சொல்லிருவாங்கன்னு ஓடுறாங்க. நாம ஏற்கனவே கேக்குற பேச்சே நிறைய இருக்கு."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் என் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார். அதை அவர் சொன்ன தமிழிலேயே மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டேன். எனக்குத் தமிழ் எழுத்து அந்த வேகத்துக்கு வராது.

அதன் பிறகுதான் அவனையும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவன் அம்மாவிடம் நம்பர் வாங்கினேன். பல நாள் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது: ஞாயிறு காலை, வைப்பின் படகுத்துறை. மட்டாஞ்சேரியில் தலைகாட்ட முடியாமல் அக்கரையில் அந்தத் தீவில் சித்தி வீட்டில் இருந்தான்.

நான் படகிலிருந்து இறங்கியபோது அவன் தொப்பியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு சாயாக்கடையின் பின்பக்கம் நின்றான். போர்டில் பார்த்துப் பழகிய எனக்கு அவன் ரொம்பச் சின்னவனாகத் தெரிந்தான்.

"என்னடி, நீயும் வீடியோ எடுக்கப் போறியா?"

"பேப்பர்தான் இருக்கு," என்று படிவத்தைக் காட்டினேன். வாங்கி நிதானமாகப் படித்தான்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"அரை மணி நேரம் பின்னாலயே வந்தான். சொல்லக் கூடாதது எல்லாம் சொன்னான். அதெல்லாம் விடு. தட்டினேன், விழுந்துட்டான். விழுவான்னு நினைக்கல. அது என் தப்புதான். அவன் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிட்டும் வந்துட்டேன்."

"காலனில எல்லாரும் பேரை வெட்டுறாங்க."

"வெட்டட்டும்." படகில் பைக்குகள் ஏறுவதைப் பார்த்தபடியே கேட்டான். "என்னைப் பாத்துப் பிள்ளைங்களை வளருங்கன்னு நான் எப்பவாவது வந்து சொன்னேனா? எனக்குப் பந்து நல்லா வரும். அவ்வளவுதான். அதுக்கு நல்லவனாவும் வேற இருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல." பிறகு அவனே சிரித்தான். "சொல்லியிருப்பாங்க. கான்ட்ராக்ட்ல இருந்திருக்கும். படிக்காம கையெழுத்துப் போட்டேன்."

படிவத்தை அவன் நிரப்பவில்லை. திருப்பித் தரும்போது கேட்டான்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஸ்கூல்லயே நீதான் ஃபர்ஸ்ட். காலனில எம்.ஏ. போன முதல் ஆளும் நீதான். உனக்கு யாரும் போர்டு வைக்கல. அந்தக் கடுப்புலதானே இந்த டாபிக் எடுத்த?"

இல்லை என்று சட்டென்று சொன்னேன். சொன்ன வேகத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். திரும்பும் படகில் கம்பியோரம் நின்றபடி அவன்மேல் எரிச்சல் பட்டேன். நான் மாதக்கணக்கில் நூலகத்தில் உட்கார்ந்து பார்க்காததை அவன் ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிட்டான். என் வீட்டிலேயே டிவியில் அவன் ஆட்டம் வந்தால் என் தேர்வுக்கு முந்தைய நாள்கூடச் சத்தம் குறையாது. அதையெல்லாம் நான் எந்தக் கட்டத்தில் டிக் போட்டுச் சொல்வது?

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் புது அத்தியாயம் எழுதினேன். படிவத்தைத் திரும்பக் கேட்டவர்கள், அக்கா சொன்னது, அவன் கேட்டது, எனக்கே இருந்த பொறாமை உட்பட எல்லாம் எழுதினேன். பேராசிரியர் முழுவதும் படித்தார். படித்தபின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"நல்லா எழுதியிருக்க. ஆனா இது வாரப் பத்திரிகைக்குப் போக வேண்டியது. ஒரு பெண் சொன்னது கண்டுபிடிப்பு ஆகாது. நீ உன்னைப் பத்தி எழுதவே கூடாது."

"அட்டவணைல இருக்கிறவங்க யாரும் இப்ப அதை நம்பல மிஸ். நீங்க அதைத்தான் வைக்கச் சொல்றீங்க."

"ஒப்படைக்க எத்தனை நாள் இருக்கு?"

ஒன்பது நாள் இருந்தது. சண்டை போட்டிருக்கலாம். கமிட்டிக்குப் போயிருக்கலாம். ஒரு வருடம் தள்ளிப் போகும், அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அத்தியாயத்தை நீக்கினேன். விலகாமல் மிச்சமிருந்த படிவங்களை வைத்து அட்டவணையை முடித்தேன். வெற்றிக் கதைகளும் ஊடகமும் மக்களின் மனதில் விளையாட்டு வீரர்களை முன்மாதிரியாக்குகின்றன என்று முடிவுரை எழுதினேன். பொய்யென்று சொல்ல முடியாது. அதை எழுத ஒரு வீட்டுப் படியும் ஏறியிருக்க வேண்டாம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஏட்டைப் புரட்டினார். துணைநூல் பட்டியல் ஏன் அகர வரிசையில் இல்லை என்று கேட்டார். இரண்டு இடம் மாறிப்போயிருந்தது, திருத்துகிறேன் என்றேன். விளையாட்டில் ஆர்வம் உண்டா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அதோடு முடிந்தது. சுமாரான மதிப்பெண்ணில் தேறினேன்.

அவனுக்கு அடுத்த சீசனில் எந்த கிளப்பும் அழைப்பு விடவில்லை. இப்போது மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆடுகிறான், அறுவடை முடிந்த வயலில் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி. தேர்வு முடிந்த அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் கூட்டத்தின் இரைச்சல். "ஜெயிச்சியா?" என்று கேட்டிருந்தான்.

பாஸ் என்று மட்டும் தட்டி அனுப்பினேன். ஜெயித்தேன் என்று எழுத என்மேலேயே இருந்த கோபம் விடவில்லை.