ஆடிப்பெருக்கன்று நடைபாலத்தில்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஓடும் சிற்றாறு தோ பாயோ பக்கத்து மேட்டுச் சரிவு ஒன்றில் தொடங்குகிறது. தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு கார் நிறுத்துமிடத்தின் மூலையில் இரும்புக் கம்பி போட்ட மூடி இருக்கிறது. குனிந்து நின்றால் அதற்கடியில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்கும். அங்கிருந்து சாலைக்கு அடியில் கொஞ்ச தூரம் இருட்டிலேயே வந்து, தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் வெளிச்சத்துக்கு வருகிறது. பிறகு அடுக்குமாடிகளுக்கு நடுவே, இரு பக்கமும் சிமெண்டுச் சுவருடன், சந்தையைத் தாண்டி, ஒரு கோவிலின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு, சிராங்கூன் சாலைக்கு அடியில் புகுந்து காலாங் ஆற்றில் சேர்கிறது. முழு நீளத்தையும் ஒரு காலைப்பொழுதில் நடந்துவிடலாம். என் முழங்கால் நன்றாக இருந்த நாட்களில் பலமுறை நடந்திருக்கிறேன்.

வெயில் நாட்களில் அது ஆறு மாதிரியே இருக்காது. அகலமான சிமெண்டுத் தரையின் நடுவில் ஒரு சிறு வாய்க்கால். அதில் கணுக்கால் நனையும் அளவு தண்ணீர். பக்கத்து வடிகால் வந்து விழும் இடத்தில் எப்போதும் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கும். அது செத்தால் அடுத்த கொக்கு வந்து அதே இடத்தில் நிற்கும் போலிருக்கிறது. இத்தனை வருடங்களில் அந்த இடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மழை கொட்டினால் எல்லாம் மாறிவிடும். பால்கோப்பி நிறத்தில் தண்ணீர் சுவரைத் தேய்த்துக்கொண்டு வரும். சருகு, கிளை, யாரோ தொலைத்த செருப்பு, பந்து எல்லாம் அதோடு போகும். மழை விட்டு ஒரு சாப்பாட்டு நேரம் கழிவதற்குள் மறுபடி கணுக்கால் தண்ணீர்தான்.

கடல்வாயில் அணை கட்டுவதற்கு முன்பு கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் கீழ்ப்பாலம் வரை ஏறி வரும். சேற்று வாடை நான்காவது மாடிவரை அடிக்கும். இப்போது அந்த வாடை இல்லை. கரையோரம் செடி வைத்திருக்கிறார்கள். உட்காரப் பலகை போட்டிருக்கிறார்கள். நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்து போகிறது. அதைப் படம் பிடிக்கச் செங்காங்கிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். கரும்பலகையில் காலாங் ஆற்றை வரைந்து, அதன் துணையாறுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டுவேன். எங்கள் வீட்டுப் பின்புறத்தை வரையும்போது சாக்கட்டியை அழுத்திப் பிடிப்பேன். "சிமெண்டு போட்டதால் ஆறு ஆறு இல்லாமல் போய்விடாது. படுகை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்" என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதே ஆற்றைப் பற்றி வீட்டில் வேறுவிதமாகப் பேசினேன். அதைத்தான் எழுத வேண்டும்.

எனக்குக் கல்யாணம் நடந்தது தமிழ்நாட்டில், ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில். என் மனைவி காவிரிக் கரைக்காரி. விடுமுறை முடிந்து நான் முன்னால் வந்துவிட்டேன். விசா கிடைத்து அவள் ஜூலைக் கடைசியில்தான் வந்தாள். பள்ளி ஆசிரியர்கள் யாரும் அவளை இன்னும் பார்த்திருக்கவில்லை. ஒரு விருந்து வைத்து அறிமுகம் செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்த முதல் நாளே சமையலறைச் சன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

"வீட்டுக்குப் பின்னாலயே ஆறு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றாள்.

நான் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஆடிப்பெருக்கு. அது எனக்கு நினைவில் இல்லை. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் தீபாவளியும் பொங்கலும் தைப்பூசமும் உண்டு. ஆடிப்பெருக்கைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. அவள் ஊரில் அன்றைக்கு ஆறு பிள்ளைத்தாய்ச்சி. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாக வேண்டும் என்று புளிச்சாதம், எலுமிச்சைச்சாதம், தேங்காய்ச்சாதம் எல்லாம் கிளறிக்கொண்டு போய் ஆற்றுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் தாங்களும் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் தாலியின் மஞ்சள் கயிற்றை அன்று மாற்றிக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அன்று பள்ளி முடிந்து, கணக்குப் பாடம் நடத்தும் நண்பர் ஒருவருடன் நடந்து வந்துகொண்டிருந்தேன். அவரும் இங்கே பிறந்தவர். கிண்டல்காரர். எங்கள் புளோக்கைத் தாண்டித்தான் அவருடைய பஸ் நிறுத்தம். ஆற்றின் மேல் ஒரு நடைபாலம் உண்டு. தூரத்திலிருந்தே அதில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. காலடியில் அடுக்குப் பாத்திரம். கைப்பிடிக் கம்பிமேல் சாய்ந்து, சாதத்தை உருட்டி உருட்டிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீரில் திலாப்பியா மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. பாலத்தைக் கடந்த இரண்டு சீனக் கிழவிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அங்க பாரு லா. ஒரு அம்மா லோங்காங்குக்குப் படையல் போடுது" என்றார் நண்பர். இங்கே சாக்கடைக்கு அப்படித்தான் பெயர்.

நான் நடையை மெதுவாக்கினேன்.

"யாரு அது? உங்க புளோக்கா?"

"தெரியல" என்றேன். "ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களா இருக்கும்."

"பாவம். காவேரின்னு நெனச்சிருச்சு போல. யாராச்சும் போய்ச் சொல்லுங்கய்யா, மேல இருந்து வர்றது நம்ம பாத்ரூம் தண்ணின்னு."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

அப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைக் கண்டுகொண்டு, சாதம் ஒட்டிய கையை உயர்த்திக் காட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. நான் நண்பரின் தோளில் கைவைத்து, ஏதோ தேர்வுத்தாள் விஷயம் பேசிக்கொண்டே பாலத்தைக் கடக்காமல் சாலைப் பக்கமாகத் திரும்பிவிட்டேன். அவர் பஸ் ஏறிப் போகும்வரை நிறுத்தத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் தரையில் இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தாள். நான் உட்காரவில்லை. ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்து, அவளுக்குப் பாடம் நடத்தினேன். இது ஆறு இல்லை, மழைத்தண்ணீர் போகும் கால்வாய். ஊற்றும் கிடையாது, கரையும் கிடையாது. இங்கே தண்ணீரில் எதையும் போடுவது குற்றம், அபராதம் கட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினேன். சத்தம் போடவில்லை. வகுப்பில் பேசுவதுபோல் நிதானமாகத்தான் பேசினேன்.

"சரிங்க" என்றாள்.

அபராதம் விஷயம் மட்டும் உண்மை. மற்றது எல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமையே வகுப்பில் அதே ஆற்றைத் துணையாறு என்று வரைந்தேன்.

அதன் பிறகு அவள் அந்தப் பாலத்தில் நின்று நான் பார்த்ததில்லை. சந்தைக்குப் போக அதுதான் குறுக்குவழி. அவள் சாலைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். வெயிலுக்கு அந்தப் பக்கம் நிழல் இருக்கிறது என்பாள். ஆடி மாதம் வரும், போகும். வீட்டில் கலந்த சாதம் செய்ததே இல்லை. மகள் பிறந்தாள், படித்தாள், கல்யாணமாகி ஆங் மோ கியோவுக்குப் போனாள். நான் ஓய்வு பெற்றேன். கரையில் செடி வைத்தபோதும் நீர்நாய் வந்தபோதும் அவளைக் கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்பாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்ன பறவை, எத்தனை குட்டி என்று சொல்வேன். கேட்டுக்கொள்வாள்.

இந்த ஆண்டு ஆடிப்பெருக்குக்கு அவளை எப்படியாவது அந்தப் பாலத்துக்கு அழைத்துப் போய், அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சென்ற ஆண்டு இதய அடைப்புக்காக என் நெஞ்சில் குழாய் வைத்தார்கள். இனிமேல் தள்ளிப்போடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

முதல் நாள் தேக்கா சந்தைக்குப் போய்ப் பூவும் மஞ்சளும் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் வாங்கினேன். பூக்கடையில் நின்ற பெண் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள்.

"தாத்தா, ஆடிப்பெருக்குக்கா? எந்த ஆத்துல விடப் போறீங்க?"

"வீட்டுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு."

"பாத்து. புடிச்சு ஃபைன் போட்டா எங்க கடைப் பேரச் சொல்லிடாதீங்க" என்று சிரித்தாள். "பாட்டி வரலையா? கயிறு அவங்கல்ல பாத்து வாங்கணும்?"

"அவங்களுக்குத் தெரியாது" என்றேன். அவள் இன்னும் சிரித்தாள். ஒரு முழம் பூ சேர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பையை மேசைமேல் வைத்தேன். கோப்பிக்கடைக்கு எதிரில் உள்ள சாப்பாட்டுக் கடையில் புளிச்சாதமும் எலுமிச்சைச்சாதமும் கட்டி வாங்கியிருந்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க இதெல்லாம்?"

"இன்னைக்கு ஆடிப்பெருக்கு. கீழ பாலத்துக்குப் போகலாம்."

"இத்தன வருஷம் கழிச்சா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு மஞ்சள் கயிற்றைத் திரும்பத் தாளிலேயே மடித்தாள். "எனக்கு அதுல இப்ப மனசு இல்லைங்க."

பாலத்தில் சொல்ல வைத்திருந்ததை அங்கேயே சொன்னேன். நண்பர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சிரித்ததையும், ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். தாளில் படம் போட்டு நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

அவள் மடித்த தாளை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க பாக்காத மாதிரி திரும்பிப் போனது எனக்குத் தெரியும்" என்றாள். "என்னைத் தெரியாதுன்னு சொன்னீங்கன்னு தெரியாது."

பிறகு, "அந்தக் கணக்கு வாத்தியார் நம்ம வீட்டுல எத்தன தடவ வந்து சாப்பிட்டிருக்காரு. ஒரு வார்த்த கேக்கலையே மனுசன்" என்றாள்.

அந்த முதல் விருந்து எனக்கு நினைவுக்கு வந்தது. வாசலில் அவளைக் கண்டதும் அவர் ஒரு கணம் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "தங்கச்சி, ரசம் வாசம் கீழ வரைக்கும் வருது" என்றார். என்னை எதற்கும் விடாமல் கிண்டல் செய்கிறவர், இதைச் சொல்லி மட்டும் ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அவரோடு பழகியிருக்கிறேன்.

"என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"நீங்க போய்ட்டு வாங்க. வாங்கின சாதம் வீணாகக் கூடாது" என்றாள். "குடை எடுத்துக்குங்க. தோ பாயோ பக்கம் கறுத்திருக்கு."

தனியாகப் போனேன். பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் தூறல் விழுந்தது. கொக்கு தன் இடத்தில் நின்றது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மேட்டில் பெய்த மழை இன்னும் இங்கே வந்து சேரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி புளிச்சாதத்தைக் கையில் எடுத்தேன். போட முடியவில்லை. அபராதத்துக்குப் பயந்து அல்ல. அது அவள் கொடுக்க வேண்டியது. என் கையால் போட்டால், அவளிடமிருந்து எடுத்ததை நானே வைத்துக்கொண்டது போலாகும் என்று தோன்றியது.

அண்ணாந்து எங்கள் சன்னலைப் பார்த்தேன். சாரல் அடிக்கும் என்று சாத்தியிருந்தாள்.

சற்று நேரத்தில் மேல் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. முதலில் சருகுகள் வந்தன. பின்னால் பழுப்புத் தண்ணீர். கொக்கு எழுந்து போய்ச் சுவர்மேல் உட்கார்ந்தது. நடுவாய்க்கால் மறைந்து, தரை மறைந்து, இரு சுவரையும் தொட்டு ஆறு நிறைந்து போயிற்று. அவள் வந்திருந்தால் காட்டியிருக்கலாம்.

சாதத்தைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் துண்டைக் கொடுத்தாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு தட்டில் பரிமாறினாள். சாப்பிட்டோம். புளிச்சாதத்தில் உப்பு கூடுதல் என்றாள்.

மேசைமேல் மஞ்சள் கயிறு இல்லை. சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் தாளோடு இருந்தது.

"வெள்ளிக்கிழமை கோவில்ல மாத்திக்கிறேன்" என்றாள். "ஆத்துக்குன்னு வாங்காதீங்க இனிமே."

தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் நான் கழுவினேன். சன்னலுக்குக் கீழே தண்ணீர் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. நடைபாலத்தில் யாரோ ஒருவர் குடை பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.