தொப்புளைச் சுற்றித் தையல்

கர்ப்பப்பை எடுத்தாயிற்று என்று சொன்னதுதான் தப்பு. நாகல்நகரில் பிளவுஸ் தைக்கிற சண்முகவள்ளி, இரண்டு சிசேரியனில் சரிந்த வயிற்றை மதுரையில் வெட்டித் தைத்துக்கொண்டு வந்தாள் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் கண்டக்டர், "மாசமா இருக்க அம்மாவுக்கு எடம் குடுங்கப்பா" என்று கத்தியதை யாரிடம் சொல்வது? கணவன் தங்கமுத்துதான் யோசித்துக் கர்ப்பப்பை என்றான். தெருவில் பாதிப் பெண்கள் அதை எடுத்தவர்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தையல் ஆறும்வரை குனிந்தே நட என்றிருந்தார் டாக்டர். பார்க்க வந்தவர்கள் ஆளாளுக்கு நிமிரச் சொன்னார்கள். ஆத்தூரிலிருந்து துணைக்கு வந்த நாத்தனார் புவனேஸ்வரி சொன்னதோடு விடவில்லை.

"ஏத்தா, இப்பக் கூனுனா கடைசிவரைக்கும் கூனுதான். நானெல்லாம் மறுநாளே வெறச்சாப்ல நடந்தேன்" என்று முதுகில் கைவைத்து நிமிர்த்தினாள். ஆஸ்பத்திரி பெல்ட்டுக்கு மேலே பழைய வேட்டியைச் சுற்றி, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல இறுக்கினாள்.

"டாக்டரு வேணாம்னாரு மதினி."

"அவரா புள்ள பெத்தாரு?"

வெள்ளிக்கிழமை காலையில் கட்டு நனைந்திருந்தது. நடுத்தையல் நகம் அகலத்துக்கு வாய் திறந்து நீர் கசிந்தது. தங்கமுத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, எதையும் தடவாமல் உடனே கூட்டிவரச் சொன்னார்கள். அவன் கார் பிடிக்கப் போனதுதான் தாமதம், புவனேஸ்வரி வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"வேணாம் மதினி."

"செத்த நேரம் சும்மா கெட."

சேலையையும் கட்டையும் விலக்கினாள். ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை ஓடிய தையலைப் பார்த்தாள். பிறகு இன்னும் குனிந்து பார்த்தாள்.

"எனக்குந்தான எடுத்தாங்க. என் தொப்புளு இருந்த எடத்துலதான் இருக்கு. ஒனக்கு எதுக்குச் சுத்தித் தச்சிருக்கு?"

சண்முகவள்ளியிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது. பொறுமை அதற்கு முன்னாலேயே தீர்ந்திருந்தது.

"தொப்பையத்தான் எடுத்தேன். அழகுக்குத்தான். தோலை இழுத்துத் தச்சிருக்கு, நீங்க நிமித்த நிமித்தப் பிஞ்சுக்கிட்டு வருது. அந்த மஞ்சளையும் வச்சிங்கன்னா சீப்புடிச்சுப் போகும். திட்டுறதுன்னா தூரத்துல நின்னு திட்டுங்க."

"கூறுகெட்டவளே, நான் கைய வைக்கிறதுக்கு முன்னாடி சொன்னா நாக்கு அழுகிருமா?" கிண்ணத்தைத் தரையில் நங்கென்று வைத்தாள். தலையணையை எடுத்து அவள் முட்டிக்குக் கீழே திணித்தாள்.

கார் வந்தது. பக்கத்து வீட்டுக் கமர்ஜஹானும் வந்து நின்றாள்.

"என்ன புள்ள இம்புட்டுக் கூனுற? நிமிந்து வா" என்று கைநீட்டினாள்.

புவனேஸ்வரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "தொடாத. இப்பல்லாம் தொப்புள் வழியா எடுக்குறாங்க. குனிஞ்சுதான் நடக்கணும்."

"அப்புடியா" என்ற கமர்ஜஹான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள், புவனேஸ்வரி சண்முகவள்ளியை உள்ளே ஏற்றிக் கார்க்கதவைச் சாத்திவிட்டு, மறுபக்கமாக வந்து ஏறினாள்.

"நீங்க எதுக்கு மதினி?"

"அந்த டாக்டர நாலு கேள்வி கேக்கணும்."

"என்ன கேக்கப் போறீங்க?"

"பேசாமக் குனிஞ்சு உக்காரு."